எட்டு ஞாயிறு, பத்துப் பேர், ஓர் ஏரிக்கரை: மதத்தையும் பின்நவீனத்துவத்தையும் கூடிப் படிக்கும் முறை

பின்நவீனத்துவம், அதாவது எல்லாவற்றையும் விளக்கும் ஒரே பெரிய கதை உண்டு என்பதைச் சந்தேகிக்கும் சிந்தனை, வந்த பிறகு மதத்துக்கு இடமே இல்லை என்று ஒருவர் சொல்வார். எல்லாமே கதை என்றான பிறகு யார் எதை நம்பினாலும் தப்பில்லை என்று அடுத்தவர் சொல்வார். மதமும் தத்துவமும் பேசக் கூடுகிற கூட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. மூலத்தைப் படித்தவர்கள் இரண்டையும் சொல்வதில்லை. பெங்களூரில், தமிழில், எட்டு வாரத்தில் இதை உருப்படியாகப் படித்து முடிப்பதற்கான முறை கீழே இருக்கிறது. கடைசியில் கைவர வேண்டிய திறமை ஒன்றுதான்: தன் நம்பிக்கையின் மொழியில் இருக்கும் நியாயத்தை அந்த நம்பிக்கை இல்லாதவருக்கு விளங்கும்படி சொல்வது, அப்படிச் சொல்லும்போது எது விட்டுப்போகிறது என்பதை நேர்மையாகக் குறித்துவைப்பது.

இந்த வேலை பெங்களூர்த் தமிழருக்குப் புதிதல்ல. கடைத்தெருவில் கன்னடம், ஆபீஸில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று நாள் முழுக்க மொழி மாற்றுபவர்களுக்கு எந்தச் சொல் மாறும், எந்தச் சொல் மாறாது என்று தெரியும். மாற்றும் சுமை சிறுபான்மையின் தலையில்தான் விழுகிறது என்பதும் தெரியும். பொதுவாழ்வில் மதத்தின் இடம் பற்றி ஜெர்மன் தத்துவஞானி ஹேபர்மாஸ் போன்றவர்கள் நடத்திய விவாதத்தில் பாதி இந்தச் சுமையைப் பற்றியதே.

ஆட்கள், இடம், நேரம்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். எட்டுக்குக் குறைந்தால், இரண்டு பேர் வராத ஞாயிறு கூட்டம் படுத்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் கூச்சப்படுகிறவர்கள் எட்டு வாரமும் வாய் திறக்கமாட்டார்கள். குறைந்தது மூன்று சமயத்தார், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். நம்பிக்கை இல்லாதவர் ஒருவர் மட்டும் இருந்தால் எல்லாரும் அவரைத் திருத்த முனைவார்கள், படிப்பு நின்றுவிடும்.

கோயில் மண்டபம், சர்ச் ஹால், மதரசா அறை மூன்றும் வேண்டாம், வாடகை இல்லாமல் கிடைத்தாலும். அங்கே வந்து உட்காருகிறவர் விருந்தாளி ஆகிவிடுவார், விருந்தாளி மறுத்துப் பேசத் தயங்குவார். வீட்டுக் கூடமோ நூலக அறையோ போதும். அல்சூர் ஏரிப் பக்கம் அமைந்தால் நல்லது. தமிழ்ச் சங்கம், சோமேசுவரர் கோயில், குருத்வாரா, வள்ளுவர் சிலை எல்லாம் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. சிவாஜிநகர் மாதா கோயிலும் தூரமில்லை. படிக்கிற விஷயம் ஜன்னலுக்கு வெளியே நடமாடிக்கொண்டிருக்கும்.

ஞாயிறு பிற்பகல் 3 முதல் 5 மணி வரை. காலையில் வைத்தால் பூசைக்குப் போகிறவர்கள் வரமுடியாது. அஸர் தொழுகை நேரம் காலத்துக்குத் தகுந்தபடி மாறும், அன்றைய நேரத்தைப் பார்த்து அதை ஒட்டிப் பத்து நிமிட இடைவேளை விடுங்கள். ரமலான் மாதத்தையும், மாதா திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையுள்ள நாட்களையும், பிள்ளையார் சதுர்த்தி வாரத்தையும் தவிர்த்து அட்டவணை போட வேண்டும். யாருடைய பண்டிகை மறந்துபோகிறதோ அவர் முதல் வாரமே தன்னை வெளியாளாக உணர்வார்.

வாரத்துக்கு ஆறு பக்கம், மிஞ்சினால் எட்டு. அதற்கு மேல் கொடுத்தால் யாரும் படித்து வரமாட்டார்கள். தமிழில் கிடைக்காத பகுதிக்கு ஒருவர் இரண்டு பக்கச் சுருக்கம் எழுத வேண்டும், கூடவே மூலத்திலிருந்து ஒரே ஒரு பத்தியை முழுதாக மொழிபெயர்க்க வேண்டும். சுருக்கம் மட்டும் இருந்தால் எழுதியவருடைய கருத்தைத்தான் எல்லாரும் விவாதித்துக்கொண்டிருப்பார்கள். நேரப் பங்கீடு: உரக்கப் படிக்க 20 நிமிடம், சொற்களுக்கு 15, இடைவேளை 10, பேச்சுக்கு 60, கடைசி 15 நிமிடம் எழுத.

கூட்டத்துக்கான விதியைப் புதிதாக எழுத வேண்டாம். மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திரவிழாவை முரசறைந்து அறிவிக்கும் இடத்திலேயே அது இருக்கிறது: “ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின், பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்.” சமயவாதிகள் மண்டபத்தின் முறை தெரிந்து ஏற வேண்டும், ஒத்துப்போகாதவரோடு இருக்க நேர்ந்தாலும் சினமும் சண்டையும் கூடாது, விலகிப் போய்விட வேண்டும். நாலு வரியையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சமயங்கள் பொதுவெளியில் வாதிடுவது இந்த மொழிக்குப் பழைய பழக்கம் என்பதும் அதனால் சொல்லாமலே விளங்கும்.

முதல் வாரம்: பன்னிரண்டு சொற்கள்

நூலைத் திறக்காதீர்கள். மதம், சமயம், நெறி, நம்பிக்கை, பக்தி, வழிபாடு, சடங்கு, பெருங்கதையாடல், கட்டுடைப்பு, மற்றமை, பொதுவெளி, மதச்சார்பின்மை: இந்தப் பன்னிரண்டையும் அட்டைகளில் எழுதி மேசையில் பரப்புங்கள். ஒவ்வொருவரும் ஒரு சொல்லை எடுத்து, அதை வீட்டில் யார், எந்த வாக்கியத்தில் சொல்வார்கள் என்று சொல்ல வேண்டும். ‘பெருங்கதையாடல்’ என்ற சொல் எந்த வீட்டிலும் புழங்காது. எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லும் ஒரே பெரிய கதை என்று அதற்குப் பொருள். அது 1980களிலும் 90களிலும் சிறுபத்திரிகைகள் வழியாக வந்த சொல் என்று சொல்லிவிடுங்கள். 1982இல் ஸ்ட்ரக்சுரலிசம் (அமைப்பியல்) பற்றித் தமிழில் நூல் எழுதிய தமிழவன் பெங்களூரில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், ஆகவே இந்தச் சொற்களின் வரலாற்றில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. ஒரு கருத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பு புழங்கினால் ஒன்றைத் தேர்ந்து எட்டு வாரமும் அதையே பயன்படுத்துங்கள். ஒரு பனுவலின் உள்முரண்களைத் திறந்துகாட்டும் வாசிப்பைக் குறிக்கும் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னால் புதிதாக வருபவர் மூன்று கோட்பாடுகள் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

பிறகு இரண்டு சொற்களை மட்டும் தோண்டுங்கள். ஒன்று, ஐரோப்பிய மொழிகளில் மதத்தைக் குறிக்கும் சொல்லின் வேரான ‘ரெலிகியோ’. ரோமானியப் பேச்சாளர் சிசரோ அதை ‘மீண்டும் திரட்டுதல், மறுபடி வாசித்தல்’ என்ற வினையோடு சேர்த்தார். பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்சியுஸ் ‘கட்டுதல், பிணைத்தல்’ என்ற வினையோடு சேர்த்தார். மதம் என்பது கவனமா, பந்தமா என்ற கேள்வி அந்த வேர்ச்சொல் தகராறிலேயே இருக்கிறது. பிரெஞ்சுத் தத்துவஞானி தெரிதா 1994இல் இத்தாலியின் காப்ரித் தீவில் மதம் பற்றிப் பேசியபோது இந்தத் தகராறையும் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று மதச்சார்பின்மை. இதற்குப் பெங்களூரைவிட நல்ல வகுப்பறை கிடையாது. 1976இன் 42ஆம் திருத்தம் அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்த்த அந்தச் சொல்லுக்கு இந்தி வடிவத்தில் ‘பந்த்நிரபேக்ஷ’, அதாவது சமயப் பிரிவுகளைச் சாராத என்று இருக்கிறது. ‘தர்மநிரபேக்ஷ’ என்று போடவில்லை. கன்னடத்தில் வழங்குவது ‘ஜாத்யதீத’, சாதியைக் கடந்த என்று பொருள். இந்த ஊரில் ஒரு கட்சியின் பெயர்ப் பலகையிலேயே அதைப் படிக்கலாம். தமிழில் மதத்தைச் சாராத. ஒரே கொள்கை ஒரு மொழியில் பிரிவிலிருந்தும், ஒரு மொழியில் சாதியிலிருந்தும், ஒரு மொழியில் மதத்திலிருந்தும் விலகுகிறது. எதை மதம் என்று எண்ணுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் எதிலிருந்து விலகுவது என்பது முடிவாகிறது. இந்த இடத்தில் அரை மணி நேரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. பின்னால் வருகிற ஆறாம், ஏழாம் வாரங்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

இரண்டாம் வாரம்: நீட்சேயும் லியோதாரும்

ஜெர்மன் தத்துவஞானி நீட்சே 1882இல் எழுதிய ‘பைத்தியக்காரன்’ பகுதி ஒன்றரைப் பக்கம்தான். பட்டப்பகலில் விளக்கேந்தி ஒருவன் சந்தைக்குள் ஓடிவந்து கடவுளைத் தேடுகிறான். கடவுள் இறந்துவிட்டார் என்ற வாக்கியம் தெரிந்தவர்களுக்கு, அவனைச் சூழ்ந்து சிரிப்பவர்கள் கடவுளை நம்பாதவர்கள் என்பது தெரிவதில்லை. நம்பாதவர்களிடம்தான் அவன் கேட்கிறான்: நாம் செய்துவிட்ட காரியத்தின் அளவு நமக்குத் தெரியுமா? உரக்கப் படிக்கும்போது ‘யார் சிரிக்கிறார்கள்?’ என்று நிறுத்திக் கேளுங்கள். பகுத்தறிவாளருக்கும் பக்தருக்கும் ஒரே நேரத்தில் உறைக்கும்.

பிரெஞ்சுத் தத்துவஞானி லியோதாரின் 1979 நூல் கனடாவின் கியூபெக் மாகாண அரசின் பல்கலைக்கழகக் குழு கேட்டு எழுதிய அறிக்கை. அதில் மதம் பற்றி அதிகம் இல்லை, கணினிக் காலத்தில் அறிவின் நிலை பற்றியது. பெருங்கதையாடல்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்கிறார். எந்தப் பெருங்கதையாடல்? மனித விடுதலை, அறிவின் முழுமை நோக்கிய பயணம். இவை முதன்மையாக நவீனத்துவத்தின் கதைகள். ‘அறிவு வளர வளர மதம் தானாகத் தேய்ந்துபோகும்’ என்பதும் அப்படி ஒரு பெருங்கதையாடல்தான். அதன் அதிகாரம் போனால், மதத்தை வெளியே நிறுத்திவைத்த காவலாளி போய்விடுகிறான். அதனால் மதம் நிரூபணமாகிவிடவில்லை, உள்ளே வந்து மற்றவர்களோடு சரிசமமாகப் பேசலாம் என்று மட்டும் ஆகிறது. இதை எல்லாரும் தம் வார்த்தையில் இரண்டு வரியில் எழுதிய பிறகுதான் மூன்றாம் வாரத்துக்குப் போக வேண்டும். எழுத முடியாவிட்டால் இதே பகுதியை இன்னொரு வாரம் படியுங்கள்.

மூன்றும் நான்கும்: கடவுள் பற்றிய பேச்சு

இங்கே படிப்பதற்கு நிறைய உண்டு, நேரம் கிடையாது. பின்நவீனத்துவத்தை ஒட்டிக் கடவுளைப் பற்றி எழுதிய மார்க் டெய்லர், மரியோன், கபுட்டோ எல்லாரையும் தொட முயன்றால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். மூன்றே துண்டு போதும்.

1957இல் ஜெர்மன் தத்துவஞானி ஹைடெகர், தத்துவம் தன் கட்டடத்துக்கு அஸ்திவாரமாக வைத்துக்கொண்ட ‘தானே தனக்குக் காரணமான’ கடவுளுக்கு முன்னால் யாரும் மண்டியிடவும் முடியாது, இசைத்து ஆடவும் முடியாது என்கிறார். தேவாரமோ ஞானப்பாடலோ பாடிப் பழகியவர்களுக்கு இது விளக்கமில்லாமல் புரியும். மரியோனின் 1982 நூல் இந்தப் புள்ளியிலிருந்துதான் கிளம்புகிறது.

இரண்டாவது, இத்தாலியத் தத்துவஞானி வத்திமோ. 1996இல் வெளிவந்த சிறு நூலில், மேற்கின் மதச்சார்பின்மை கிறிஸ்தவத்தின் தோல்வி அல்ல, கடவுள் தன்னைத் தாழ்த்திக்கொண்ட செயலின் தொடர்ச்சி என்று வாதிடுகிறார். அவர் பிடித்துக்கொள்வது பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தின் ஏழாம் வசனம். தமிழ் வேதாகமத்தில் ‘தம்மைத்தாமே வெறுமையாக்கி’ என்று இருக்கும். கிறிஸ்தவ நண்பர் யாராவது அந்த வசனத்தை முன்பின்னோடு வாசிக்கட்டும்.

மூன்றாவது, தெரிதாவின் காப்ரிப் பேச்சு, அதிலும் தொடக்கப் பகுதி மட்டும். மதம் பற்றிப் பேசக் கூடிய அந்த மேசையில் ஒரு முஸ்லிம் இல்லை, ஒரு பெண் இல்லை என்று அவரே சொல்கிறார். அதைப் படித்தவுடன் உங்கள் வட்டத்தில் காலியாக இருக்கும் நாற்காலிகளின் பட்டியலை எழுதுங்கள். சாதியையும் எழுத வேண்டும். அதை எழுதத் தயங்கும் வட்டம் ஐந்தாம் வாரத்தைப் படித்துப் பயனில்லை.

தமிழ்க் கூட்டங்களில் இந்த இரண்டு வாரங்களைக் கெடுப்பது ஒரே வாக்கியம்: ‘இது நம்மகிட்ட அப்பவே இருந்தது.’ வெறுமை என்றதும் பௌத்தத்தின் சூனியவாதம், உருவமற்ற கடவுள் என்றதும் சித்தர் பாடல். ஒப்பிடுவது தவறில்லை, அவசரம்தான் தவறு. ஒப்பிடுபவர் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அதைச் சொன்னவர் யாரை எதிர்த்துச் சொன்னார்? சொன்னதால் யாருக்கு என்ன மாறியது? இரண்டுக்கும் எந்த இடத்தில் ஒப்புமை முறிகிறது? மூன்றாவதற்குப் பதில் வராத ஒப்பீட்டை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிட்டு மேலே போங்கள்.

ஐந்தாம் வாரம்: மதம் என்ற சொல்லின் வடிவம்

மானிடவியலாளர் தலால் அசத் 1993இல் கேட்ட கேள்வி இதுதான்: மதம் என்றால் உள்ளத்துக்குள் இருக்கும் நம்பிக்கை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்துக்குப் பிந்திய ஐரோப்பாவின் வரலாற்றில் உருவான வடிவம், எல்லா ஊர் அளவுக்கும் பொருந்தும் சட்டை அல்ல என்பது அவர் பதில்.

சோதித்துப் பார்க்கப் பெங்களூர்க் கரகத் திருவிழா இருக்கிறது. கன்னடச் சைத்திர மாதப் பௌர்ணமியை ஒட்டி திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகம் திரௌபதிக்கு உரியது. சுமப்பவர் பெண்கோலத்தில் இருப்பார், வாளேந்திய வீரகுமாரர்கள் உடன் வருவார்கள், ஊர்வலம் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் போகும். ‘அவர்கள் என்ன நம்புகிறார்கள்?’ என்று ஒரு தாளில் எழுதிப் பதில் தேடுங்கள். அடுத்த தாளில் ‘யார், எந்தத் தெரு வழியாக, எத்தனை நாள் விரதமிருந்து, யாருடைய வாசலில் நிற்கிறார்கள்?’ என்று எழுதித் தேடுங்கள். முதல் தாள் மூன்று வரியில் முடியும், இரண்டாவது பக்கம் போதாது. அசத் சொல்வது அந்த வித்தியாசம்தான். இதை ‘மத ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு’ என்று உடனே பாராட்டி மூடிவிடாதீர்கள், பாராட்டும் கவனிப்பதை நிறுத்திவிடும்.

இதே வாரத்தில் அயோத்திதாசரும் அம்பேத்கரும் வந்தாக வேண்டும். 1979க்குப் பிறகு மதம் பொதுவாழ்வுக்குத் திரும்பியது என்று சமூகவியலாளர் கசனோவா 1994இல் ஈரான், போலந்து, லத்தீன் அமெரிக்கா, அமெரிக்கா எல்லாவற்றையும் வைத்துக் காட்டினார். இங்கே யாருக்கு அது திரும்பியது? தெருவில் நடக்கவும் கிணற்றில் மொள்ளவும் தடைப்பட்டவர்களுக்கு மதம் என்றைக்கும் பொதுவாழ்வில்தான் இருந்தது. அயோத்திதாசர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் வரை வேர்விட்டது. மதத்தை மறுபடி வாசித்து உரிமை கேட்ட தமிழர்கள் நூறாண்டுக்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்தார்கள். அம்பேத்கர் 1936இல் விதிகளின் மதம், கோட்பாடுகளின் மதம் என்று பிரித்ததை ஒரு பக்கம் படியுங்கள். பின்நவீனத்துவ நூல்கள் பலவற்றில் இந்தக் கூர்மை இல்லை.

ஆறும் ஏழும்: பொதுவெளி, சட்டம்

அமெரிக்கத் தத்துவஞானி ரால்ஸ் 1997இல் சொன்னது: மதக் காரணத்தை அரசியல் பேச்சில் கொண்டுவரலாம், ஆனால் உரிய காலத்தில் எல்லாரும் ஏற்கத்தக்க பொதுக் காரணத்தையும் தர வேண்டும். ஹேபர்மாஸ் அதைத் திருத்தினார். தெருவிலும் பத்திரிகையிலும் எந்த மொழியிலும் பேசலாம், சட்டமன்றம், நீதிமன்றம், அரசு அலுவலகம் ஆகியவற்றின் வாசற்படியைத் தாண்டும்போது மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டும், அந்த மொழிபெயர்ப்பில் நம்பிக்கையில்லாதவரும் கைகொடுக்க வேண்டும் என்றார். 2001 அக்டோபரில் அவர் பிராங்க்பர்ட்டில் ஆற்றிய உரையும், 2004 ஜனவரி 19 அன்று மியூனிக்கில் கத்தோலிக்கக் கர்தினால் ராட்சிங்கரோடு நடத்திய உரையாடலும் இதற்கான பாடங்கள். ராட்சிங்கர் அடுத்த ஆண்டு போப் ஆனார்.

ஒருபக்க மொழிபெயர்ப்பு நிற்காது என்பதற்கு ஏரிக்கரை வள்ளுவரே சாட்சி. 1991 முதல் மூடிக்கிடந்த சிலை 2009 ஆகஸ்ட் 9இல் திறந்தது, நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. அது மொழிச் சிக்கல்தான். ஆனாலும் பொதுவெளியில் ஒரு சின்னத்தை நிறுத்துவதற்கு எதிர்க்கரையிலும் ஒன்று எழ வேண்டியிருந்தது.

ஏழாம் வாரம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். வழிபாட்டு உரிமை பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்பது முதல் உட்பிரிவு. கோயில்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்பது இரண்டாவதில் வருவது. 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் எது மதத்துக்கு இன்றியமையாதது என்று கேட்கத் தொடங்கியது. கர்நாடக அமைச்சரவைக் கலைப்பிலிருந்து பிறந்த பொம்மை வழக்கில், 1994இல், மதச்சார்பின்மை அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி என்றது. ஹிஜாப் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று ஹிஜாப் அணிவது இஸ்லாத்தில் இன்றியமையாத வழக்கம் அல்ல என்றது. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறாகத் தீர்ப்பளித்தார்கள், அவர்களில் ஒருவர் அந்த இன்றியமையாமைக் கேள்வியே இங்கு தேவையில்லை என்றார். விவாதத்தை ‘அனுமதிக்கலாமா’ என்று தொடங்காதீர்கள், பத்து நிமிடத்தில் குரல் உயரும். ‘ஒரு வழக்கம் மதமா இல்லையா என்று முடிவு செய்ய நீதிபதிக்கு எந்தச் சொற்கள் தேவைப்பட்டன?’ என்று தொடங்குங்கள். ஐந்தாம் வாரத்துத் தாள்களை அப்போது எடுத்து மேசையில் வையுங்கள்.

எட்டாம் வாரம்: மொழிபெயர்ப்புப் பயிற்சி

தாளை மூன்று பத்தியாக மடியுங்கள்: நம்பிக்கையின் மொழி, பொது மொழி, எச்சம் (மாற்றும்போது விட்டுப்போவது). அக்கம்பக்கத்துப் பிரச்சினை ஒன்றை எடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதி, ஊர்வலம் போகும் தெரு, பூசைக்கு எந்த மொழி, ஏரியில் பிள்ளையாரைக் கரைப்பது. தேசியப் பிரச்சினை எதையும் எடுக்க வேண்டாம், அதில் யாரும் தம் சொந்த வாக்கியத்தைப் பேசமாட்டார்கள்.

முதல் சுற்று, 8 நிமிடம். நம்புகிறவர் தன் மொழியில் பேசுவார், குறுக்கே யாரும் பேசக்கூடாது. பிள்ளையாரைக் கரைப்பதை எடுத்துக்கொண்டால் இப்படி: ‘வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசல்வரை போய் அனுப்பி வைக்கிற மாதிரி. தொட்டித் தண்ணீரில் அனுப்ப மனசு வராது.’ இரண்டாம் சுற்று, 8 நிமிடம். நம்பாதவர் அதைப் பொது மொழியில் சொல்ல வேண்டும்: ‘கூடி நடத்தும் சடங்கைப் பொது நீர்நிலையில் முடிக்க வாய்ப்புக் கேட்கிறார்கள்.’ முதலாமவர் இப்போது எச்சத்தைச் சொல்வார்: ‘விருந்தாளி போய்விட்டார்.’ அந்த இரண்டு சொல்லை மூன்றாம் பத்தியில் அப்படியே எழுதுங்கள், நயப்படுத்தாதீர்கள்.

மூன்றாம் சுற்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், விட்டால் பயிற்சியே வீண். ஏரியின் நியாயத்தை நம்பாதவர் சொல்ல, அதை நம்புகிறவர் தன் மொழிக்கு மாற்ற வேண்டும். சாயமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் தண்ணீருக்குச் செய்வதைச் சொன்னால், ‘விருந்தாளியை அனுப்பும் வாசலை நாமே அழுக்காக்குகிறோம்’ என்று வரலாம், ‘களிமண்ணில் வந்தவர் களிமண்ணாகவே போகட்டும்’ என்றும் வரலாம். பொதுக் காரணம் சொல்பவரும் கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் இதே ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தபோது பேசப்பட்டது கழிவுநீரும் தண்ணீரில் உயிர்வளி குறைந்ததும்தான், அது சதுர்த்திக் காலம் அல்ல. எல்லாப் பழியையும் விழாவின் மேல் போட்டால் நம்புகிறவர் பேச்சிலிருந்து எழுந்து போய்விடுவார், நியாயமாகவே.

இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். எச்சப் பத்தி காலியாக இருந்தால், நம்புகிறவர் தொடக்கத்திலேயே தன்னைச் சுருக்கிப் பொது மொழியில் பேசிவிட்டார் என்று அர்த்தம், முதல் சுற்றுக்குத் திரும்புங்கள். நடுப் பத்தி காலியாக இருந்தால், கேட்டவர் கேட்கவில்லை, இருவரும் இடம் மாறி உட்காரட்டும். ஒரு பிரச்சினைக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தால் ஒரு மாலையில் இரண்டுக்கு மேல் முடியாது. அவசரப்பட்டு மூன்றாவதைத் தொடாதீர்கள்.

யார் பெயரையும் தாளில் எழுத வேண்டாம், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். தாள்களை ஒரு கோப்பில் போட்டு, முதல் வாரத்துச் சொல் அட்டைகளோடு சேர்த்து வையுங்கள். அடுத்த வட்டம் தொடங்கும்போது பன்னிரண்டு அட்டைகளுக்குப் பக்கத்தில் அந்த எச்சங்களையும் மேசையில் பரப்ப வேண்டும்.